அரிவாள் ரத்தம்: உயிரை எடுக்கும் ஒரு மரபணுவைப் பரிணாமம் ஏன் விட்டுவைத்தது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு துளி ரத்தத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்.

1904 டிசம்பர், சிகாகோ. வால்டர் கிளமென்ட் நோயல் என்ற 20 வயசு இளைஞர் அங்கே ஒரு மருத்துவமனைக்கு வருகிறார். சொந்த ஊர் கரீபியன் தீவான கிரெனடா. பல் மருத்துவம் படிக்க அமெரிக்கா வந்தவர். இருமல், காய்ச்சல், மூச்சு வாங்குது, காலில் ஆறாத புண்ணின் தழும்புகள். எர்னஸ்ட் அயன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர் அவருடைய ரத்தத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார்.

சாதாரணமா சிவப்பணு எப்படி இருக்கும்? நடுவில் கொஞ்சம் அமுங்கின வட்டத் தட்டு மாதிரி. ஆனால் நோயலின் ரத்தத்தில் நீளமா, வளைஞ்சு, இரண்டு முனையும் கூர்மையா சில அணுக்கள் இருந்தன. அச்சு அசல் அரிவாள்.

அயன்ஸின் மேலதிகாரியான ஜேம்ஸ் ஹெரிக் 1910ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மேற்கத்திய மருத்துவத்தில் இன்று நாம் சிக்கிள் செல் அல்லது அரிவாள் செல் ரத்தசோகை என்று சொல்லும் நோயின் முதல் தெளிவான பதிவு அதுதான். நோயல் படிப்பை முடித்து, ஊருக்குத் திரும்பி, பல் டாக்டராக வேலை பார்த்து, 1916ல் இறந்துபோனார். வயசு 32.

ஒன்றைத் தெளிவா சொல்லிடணும். ஹெரிக் கண்டுபிடித்தது அந்த அணுக்களின் வடிவத்தை. நோயை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆப்பிரிக்காவில் அது பல தலைமுறைகளாகத் தெரிந்த நோய். கானா நாட்டு மருத்துவர் ஃபெலிக்ஸ் கொனோட்டி-அஹுலு தன்னுடைய சொந்தக் குடும்பத்தில் இந்த நோய் இருந்ததை 1670 வரைக்கும் பின்னோக்கித் தேடிப் பதிவு செய்திருக்கிறார். அங்கே ஒவ்வொரு மொழியிலும் அதற்கு ஒரு பெயர் உண்டு. கா மொழியில் ‘ச்வெச்வீச்வெ’, ட்வி மொழியில் ‘அஹோடுடுவோ’. திரும்பத் திரும்ப எலும்புக்குள் குத்துகிற வலி அந்தப் பெயர்களின் ஓசையிலேயே இருக்கிறது.

சரி. இது மருத்துவக் கதைதானே, பரிணாமம் எங்கே வருது என்று கேட்கலாம். அங்கேதான் போகிறோம்.

கணக்கு உதைக்கிறது

1949ல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலாளரும், ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த இ.ஏ. பீட் என்ற மருத்துவரும், தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். அம்மா, அப்பா இரண்டு பேரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால் நோய் வரும். ஒருத்தரிடமிருந்து மட்டும் வந்தால் அந்த ஆள் ஒரு ‘கேரியர்’. மரபணுவைச் சுமப்பார், ஆனால் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே வாழ்வார்.

அதே வருஷம் லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். கோளாறு அணுவின் வடிவத்தில் தொடங்கவில்லை. உள்ளே ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறே வேறு மாதிரி இருக்கிறது. சில வருஷங்கள் கழித்து கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்ரம் அதைத் துல்லியமாகப் பிடித்தார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின். ஒரே ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவுதான். ஆக்சிஜன் குறையும்போது இந்த மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவையே வளைத்துவிடும். வளைந்த அணு நுண்ணிய ரத்தக் குழாயில் சிக்கிக்கொள்ளும். வலி அங்கே தொடங்குகிறது.

இப்போ புதிருக்கு வருவோம். அந்தக் காலத்தில் இரண்டு பிரதிகளோடு பிறந்த ஆப்பிரிக்கக் குழந்தைகளில் பெரும்பாலானவை பெரியவர்களாக வளர்ந்ததே இல்லை. குழந்தை இறந்தால் அதன் மரபணுவும் அதோடு போய்விடும். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு உண்மை என்றால், இந்த மரபணு தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து காணாமல் போயிருக்க வேண்டும். ஆனால் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் ஐந்தில் ஒருவர் கேரியர். சில சமூகங்களில் பத்தில் நான்கு பேர் வரைக்கும்!

எங்கேயோ கணக்கு உதைக்கிறது, இல்லையா?

இதே மாதிரிப் புதிர் மத்தியதரைக் கடல் ஓரத்திலும் இருந்தது. தலசீமியா என்ற இன்னொரு ரத்த நோய். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949ல் வெளியான ஒரு கட்டுரையில் ஒரு யோசனையை வைத்தார். ஒற்றைப் பிரதி வைத்திருப்பவர்களுக்கு மலேரியாவைத் தாக்குப்பிடிக்கும் சக்தி கூடுதலாக இருக்கலாமே? அப்போது அது வெறும் ஊகம், ஆதாரம் கையில் இல்லை. (இந்த ஹால்டேன்தான் 1957ல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேஸ்வரில் இறந்தவர். அவருடைய கதைக்குத் தனி எபிசோடே போடலாம்.)

மலையும் கரையும்

ஆதாரத்தைத் தேடிப் போனவர் டோனி அல்லிசன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, கென்யாவில் வளர்ந்தவர். 1949ல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது கென்யா மலைக்குப் போன ஒரு பயணக் குழுவில் சேர்ந்தார். போன இடத்தில் பல சமூகத்து மக்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்.

முடிவு விசித்திரமாக இருந்தது. கடற்கரை ஓரத்திலும் விக்டோரியா ஏரிக் கரையிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் கேரியர். நடுவில் இருக்கும் மேட்டு நிலத்தில் நூற்றில் ஒருவர்கூட இல்லை. மொழி, இனம் எதை வைத்துப் பிரித்தாலும் இந்த வித்தியாசம் பொருந்தவில்லை. பொருந்தியது ஒன்றே ஒன்று: கொசு. கரைகளில் மலேரியா உண்டு. குளிர்ந்த மலைகளில் இல்லை.

மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு 1953ல் அல்லிசன் திரும்பி வந்தார். உகாண்டாவில் 290 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார். மரபணு இல்லாத 247 குழந்தைகளில் 113 பேரின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது, அதாவது சுமார் 46 சதவீதம். கேரியராக இருந்த 43 குழந்தைகளில் 12 பேருக்கு மட்டும்தான், சுமார் 28 சதவீதம்.

அடுத்து அவர் செய்ததைக் கேட்டால் இன்றைக்கு நமக்குத் தூக்கிவாரிப்போடும். லுவோ சமூகத்தைச் சேர்ந்த 30 தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாத் தொற்றை உண்டாக்கினார். மரபணு இல்லாத 15 பேரில் 14 பேருக்குத் தொற்று பிடித்தது. கேரியர்கள் 15 பேரில் 2 பேருக்கு மட்டும். காலனி ஆட்சி நடந்த ஒரு நாட்டில், ஆளப்படுகிற மக்களின் உடம்பில் செய்த சோதனை இது. அங்கே ‘சம்மதம்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை இருந்திருக்கும் என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

1954ல் அல்லிசன் முடிவுகளை வெளியிட்டார். உடனே எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வேறு சிலர் செய்த சோதனைகளில் இவ்வளவு தெளிவான விடை வரவும் இல்லை. ஆனால் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் வந்த பெரிய ஆய்வுகள் அடிப்படைக் கருத்தை உறுதிசெய்தன. ஒற்றைப் பிரதி ஒரு குழந்தையைக் கடுமையான மலேரியாவிலிருந்து ஏறக்குறைய 90 சதவீதம் காப்பாற்றுகிறது. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு சீக்கிரமே வளைந்துவிடும், மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடும் என்பது ஒரு விளக்கம். ஆக்சிஜன் குறைந்த இடங்களில் ஒட்டுண்ணியால் வளர முடிவதில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே சேர்ந்து வேலை செய்யலாம்.

ஆயிரம் குழந்தைகள்

மரபணு ஏன் அழியவில்லை என்பதை ஒரு சின்னக் கணக்கு போட்டால் பளிச்சென்று புரியும். பேப்பர் பேனா வேண்டாம், கேட்டுக்கிட்டே வாங்க.

மலேரியா தாக்கும் ஒரு பகுதியில் 1000 குழந்தைகள் பிறக்கின்றன. அந்த மக்களிடம் இருக்கும் இந்த மரபணுப் பிரதிகளில் பத்தில் ஒன்று அரிவாள் வகை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 குழந்தைகளுக்கு இரண்டு பிரதியும் அரிவாள் வகை, 180 பேர் கேரியர், மீதி 810 பேருக்கு அரிவாள் மரபணுவே இல்லை.

மருத்துவ வசதி இல்லாத காலம். அந்த 10 பேரும் இறக்கிறார்கள். அந்த 810 பேரில் 90 பேரை மலேரியா கொண்டுபோகிறது. கேரியர்கள் 180 பேரும் பிழைக்கிறார்கள் என்று வையுங்கள். மிச்சம் எத்தனை? 900 பேர். ஒருவருக்கு இரண்டு வீதம் மொத்தம் 1800 பிரதிகள். அதில் அரிவாள் வகை 180. மறுபடியும் அதே பத்தில் ஒன்று!

அடுத்த தலைமுறையிலும் இதேதான். தராசு அசையவே அசையாது.

இதற்கு ‘சமநிலைத் தேர்வு’ என்று பெயர். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பதைக் கவனியுங்கள். 180 குழந்தைகளின் பாதுகாப்புக்கு 10 குழந்தைகளின் உயிர் விலையாகப் போகிறது. பரிணாமம் எந்தத் தாயிடமும் சம்மதம் கேட்கவில்லை. அதற்குத் திட்டமும் கிடையாது, இரக்கமும் கிடையாது. ‘வலுத்தது வாழும்’ என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். இங்கே யார் வலுத்தவர்? மலையில் பிறந்தால் அரிவாள் மரபணு வெறும் சுமை. கரையில் பிறந்தால் அதுவே கவசம். மரபணு ஒன்றுதான், மாறியது ஊர்.

பரிணாமம் என்றால் பெரிய இன்ஜினியர் உட்கார்ந்து வரைபடம் போடுவது என்ற எண்ணம் நிறைய பேருக்கு இருக்கு. உண்மையில் அது நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடை மாதிரி. கையில் கிடைக்கிற ரப்பர் துண்டை வைத்து ஒட்டுப்போடும். வண்டி ஓடினால் போதும்.

கொசுவை யார் கூப்பிட்டது?

1958ல் ஃபிராங்க் லிவிங்ஸ்டன் என்ற மானுடவியலாளர் இந்தக் கதையை இன்னும் ஒரு படி பின்னால் கொண்டுபோனார். மேற்கு ஆப்பிரிக்காவில் மலேரியா இவ்வளவு பெருகியதே எப்படி?

அடர்ந்த காட்டில் தரையில் வெயில் விழாது. அங்கே மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசுவான அனாஃபிலஸ் காம்பியேவுக்கு முட்டையிட இடம் கிடைப்பது கஷ்டம். அதற்குப் பிடித்தது வெயில் படும், தேங்கி நிற்கும் ஆழமில்லாத தண்ணீர். மனிதர்கள் காட்டை வெட்டினார்கள், வள்ளிக்கிழங்கு பயிரிட்டார்கள், ஒரே இடத்தில் நெருக்கமாகக் குடியிருந்தார்கள். குட்டைகள் உருவாயின, கொசு வந்தது, கடிக்க ஆள்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். மலேரியா நிலைத்தது. அதன் பின்னால் அரிவாள் மரபணு பெருகியது. இதுதான் லிவிங்ஸ்டனின் வாதம்.

இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கு. பொதுவாக நம் மரபணுக்கள் நம் நடத்தையை எப்படி வடிவமைக்கின்றன என்றுதான் பேசுவோம். இங்கே அம்பு எதிர்த் திசையில் பாய்கிறது. விவசாயம் செய்யலாம் என்ற மனித நடத்தை, கொசுவின் வாழ்க்கையை மாற்றி, அந்தக் கொசு நம் ரத்தத்தையே மாற்றியிருக்கிறது. மாடு வளர்த்துப் பால் குடித்த சமூகங்களில் பெரியவர்களானபிறகும் பாலைச் செரிக்கும் திறன் பரவியதும் இதே வகைதான்.

நீலகிரியில் அதே அரிவாள்

இப்போ நம்ம பக்கம் வருவோம். ஹெர்மன் லேமன் என்ற உயிர்வேதியியலாளர். நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி பிரிட்டனில் குடியேறிய யூதர். உகாண்டாவிலும் சில காலம் வேலை பார்த்தவர். 1952ல் அவரும் மேரி கட்புஷும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள்: தென்னிந்தியாவில், நீலகிரிப் பகுதியின் இருளர், பணியர், குறும்பர் போன்ற சமூகங்களில் அதே அரிவாள் அணு இருக்கிறது.

ஆப்பிரிக்க நோய் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது நீலகிரியில் எப்படி? பழங்கால இடப்பெயர்ச்சி ஒன்று இரண்டு நிலங்களையும் இணைத்திருக்கலாம் என்று லேமன் நினைத்தார். 1980களில் டிஎன்ஏ ஆய்வு வந்தபோது படம் மாறியது. இந்தியாவிலும் சவுதி அரேபியாவின் கிழக்கிலும் இருக்கும் அரிவாள் மரபணுவைச் சுற்றியுள்ள டிஎன்ஏ வரிசை, ஆப்பிரிக்க வகைகளில் இருந்து வேறுபட்டிருந்தது. அதே எழுத்துப் பிழை இந்தப் பக்கம் தனியாக இன்னொரு முறை நடந்திருக்கிறது என்ற முடிவுக்குப் பலரும் வந்தார்கள். இல்லை, ஆப்பிரிக்காவில் ஒரே தடவை தோன்றி அங்கிருந்து பரவியதுதான் என்று 2018ல் முழு மரபணுத்தொகுதியை வைத்து வாதிட்ட ஓர் ஆய்வும் வந்தது. விவாதம் முடிந்துவிடவில்லை.

எங்கே தோன்றியிருந்தாலும், நிலைத்த காரணம் ஒன்றுதான். வயநாடு, கூடலூர் பக்கத்துக் காடுகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் மலேரியாவுக்குப் பேர்போனவை. வெளியூர்க்காரர்கள் போகவே அஞ்சிய இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் ரத்தம் அதற்குத் தகுந்தபடி மாறியிருந்தது. இன்றைக்கு அங்கே மலேரியா அநேகமாக இல்லை. மரபணு மட்டும் மிச்சம். கவசத்தின் தேவை போய்விட்டது, அதன் எடை போகவில்லை.

நெற்றியில் ஒரு குறி

பரிணாமக் கதையைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே வரலாற்றில் சாட்சி இருக்கு.

1968ல், இரண்டு நோபல் பரிசு பெற்ற அதே லைனஸ் பாலிங், கேரியர்களின் நெற்றியில் ஓர் அடையாளத்தைப் பச்சை குத்தலாம் என்று எழுதினார். இரண்டு கேரியர்கள் காதலிக்காமல் இருக்க உதவுமாம்! துன்பத்தைக் குறைக்கணும் என்பதுதான் அவர் நோக்கம். ஆனால் அமெரிக்காவில் கேரியர்களில் பெரும்பாலோர் யார்? அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் வாரிசுகள். அவர்கள் நெற்றியில் குறி!

பச்சை குத்துவது நடக்கவில்லை. ஆனால் 1970களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் கறுப்பின மக்களைக் குறிவைத்துக் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்கள் போட்டன. சில சட்டங்களில் கேரியருக்கும் நோயாளிக்கும் வித்தியாசமே தெரியாத குழப்பம். ஆரோக்கியமானவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது, இன்ஷூரன்ஸ் மறுக்கப்பட்டது. அமெரிக்க விமானப்படை அகாடமி கேரியர்களைச் சேர்ப்பதற்கு இருந்த தடை 1981ல்தான் விலகியது.

கிரீஸில் ஓர்ஹோமெனோஸ் என்ற ஊர். அங்கே நூற்றில் 20 பேருக்கு மேல் கேரியர். நல்ல எண்ணத்தோடு எல்லாருக்கும் பரிசோதனை செய்து, முடிவைக் கையில் கொடுத்தார்கள். கேரியர் என்றாலே மணச்சந்தையில் மதிப்பு குறைந்தது. ஆகவே பலர் அதை மறைத்தார்கள். கடைசியில் இரண்டு கேரியர்கள் கல்யாணம் செய்துகொள்வது குறையவே இல்லை.

நம் முன்னால் இருக்கும் கேள்வி

2023 ஜூலையில் இந்திய அரசு தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. பரிசோதித்தவர்களுக்கு அட்டை தருகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு அட்டையையும் பார்த்துக்கொள்ளலாம், ஜாதகப் பொருத்தம் மாதிரி.

பரிசோதனை அவசியம். சந்தேகமே இல்லை. பிறந்த உடனே தெரிந்தால் குழந்தையைக் காப்பாற்றலாம். இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. இதைத் தெரிந்துகொள்வது அந்தத் தம்பதியின் உரிமை. ஆனால் ஒரு கேரியரும் கேரியர் அல்லாதவரும் சேர்ந்தால் குழந்தைக்கு இந்த நோய் வராது. இந்த ஒரு வரியைச் சரியாகச் சொல்லாமல் அட்டையை மட்டும் கொடுத்தால், அது ஓர்ஹோமெனோஸ் கதைதான். அதுவும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெண் கையில் அந்த அட்டை இருந்தால், சுமை முழுக்க யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘ஒழிப்பது’ என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். நோயோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். மரபணு கேரியர்களிடம் இருந்துகொண்டேதான் இருக்கும். மலேரியா இல்லாத இடத்தில் அது தேய்வதற்குப் பல நூறு வருஷங்கள் ஆகலாம். இப்போது இருக்கும் நோயாளிகளுக்கு வேண்டியது ஒழிப்பு அல்ல, சிகிச்சை.

சிகிச்சை இருக்கிறதா? இருக்கு. ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய, மலிவான மாத்திரை. கருவில் இருக்கும்போது நம் எல்லாருக்கும் வேறொரு வகை ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்தபின் அது அணைந்துவிடும். அதை இந்த மாத்திரை கொஞ்சம் திரும்ப எழுப்பிவிடும். 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த கிரிஸ்பர் மரபணு சிகிச்சையும் அதே சுவிட்சைத்தான் தட்டுகிறது. நோயல் மருத்துவமனைக்குள் நுழைந்து ஏறக்குறைய 119 வருஷம் கழித்து. விலை? அமெரிக்காவில் ஒருவருக்கு 22 லட்சம் டாலர், நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல். கூடலூரிலோ, உகாண்டாவின் ஏரிக்கரையிலோ ஒரு கிராமத்துக்கு இதை எப்படிக் கொண்டுபோவது என்பதற்கு எந்த லேபிலும் விடை கிடையாது.

இன்னைக்கு ஒன்றை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ‘கெட்ட ஜீன்’, ‘நல்ல ஜீன்’ என்று யாராவது பேசினால், “எந்த ஊரில்? எந்தக் காலத்தில்?” என்று கேளுங்க. ஒரு காலத்தில் தங்கள் குழந்தைகளை உயிரோடு வைத்திருந்த ஒன்றைத்தான் அந்த மக்கள் இன்னும் ரத்தத்தில் சுமக்கிறார்கள். அதற்காக அவர்களில் ஒருவரும் தலைகுனிய வேண்டியதில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.